பயிர் இல்லை

அந்த அட்டவணையைத் தயாரித்தவன் நான்தான். பெரம்பலூர் பக்கம் மின்சாரம் எடுக்க எந்த வழி மேல் என்று கம்பெனி கேட்டிருந்தது. நிலக்கரி என்றால் இடம் கொஞ்சம் போதும்; ஆனால் ஒரு மெகாவாட்டுக்கு நாளுக்குப் பதினைந்து டன் ரயிலில் வந்துகொண்டே இருக்க வேண்டும். ஜெயங்கொண்டம் பக்கத்துப் பழுப்பு நிலக்கரி காலடியிலேயே கிடக்கிறது. எடுக்க ஊரையே தோண்ட வேண்டும். காற்றாலை என்றால் கம்பம் நிற்கிற இடம் போக மீதியில் உழலாம். இங்கே காற்று பத்தாது. சூரிய ஒளிக்கு எரிபொருளே வேண்டாம். மெகாவாட்டுக்கு நாலு ஏக்கர் மட்டும் வேண்டும்.

கம்பெனி அதையே எடுத்தது. பார்த்துவைத்த இடம் விளைகிற நிலமா என்று சோதிக்கச் சித்திரையில் பாடாலூர் பக்கம் போனேன். அந்த மாதத்தில் எங்கள் கரிசல் மண் வெறுமையாக வெடித்துக் கிடக்கும். ஆவணியில் மக்காச்சோளம் விதைக்கத்தான் அப்படிப் போட்டுவைப்பார்கள். எனக்குத் தெரியும். ஆனால் படிவம் கேட்டது, பார்த்த அன்று பயிர் உண்டா என்று. இல்லை என்று எழுதினேன். சிறு வயதிலிருந்தே என்னைத் தெரிந்த சுந்தராம்பாள் அக்காவின் இரண்டரை ஏக்கருக்கும் அதேதான். பொய் எழுதவில்லை என்று பல நாள் எனக்கே சொல்லிக்கொண்டேன்.

அதை வைத்து, விளைநிலம் எதுவும் போகாது என்று கம்பெனி முடிவு செய்தது. சுற்றியிருந்தவர்கள் குத்தகைக்குக் கொடுத்தார்கள். அக்கா மட்டும் மறுத்தாள். வேலி வந்தது. நடுவில் அவள் நிலம். டிராக்டர் போக வழியில்லை.

கடைசியில் கம்பெனி கொடுத்த குத்தகைப் பத்திரத்தோடு என் வீட்டுக்கு வந்தாள். எழுதினதைத் திருத்த முடியுமா என்று கேட்டாள். முடியாது, மற்றவர்கள் எல்லாரும் கையெழுத்துப் போட்டாகிவிட்டது என்றேன். குத்தகை எத்தனை வருஷம் என்றாள். இருபத்தெட்டு என்றேன்.

"அப்ப எனக்கு எம்பத்திரெண்டு. வந்து சோளம் போட்டுக்கறேன்" என்று சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

"அக்கா, பயிர் இல்லன்னு எழுதுனது நான்தான்."

"தெரியும். கம்பெனிக்காரங்க காட்டுனாங்க. உன் கையெழுத்து எனக்குத் தெரியாதா?"

இனித் திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் பத்திரத்தைப் பிரித்தாள்.

"அன்னிக்கு நீ வர்றேன்னு சொன்னியா, கோழி அடிச்சுக் கொழம்பு வைக்க வூட்டுலயே இருந்துட்டேன் தம்பி. காட்டுல நின்னுருந்தா வெதைக்கிற நெலம்னு சொல்லியிருப்பேன்."

எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்டாள். காட்டினேன்.