அவசரத்துக்குக் கொடுத்த போன்

அக்காளும் தங்கையும் ஒரே வருடத்தில் பிள்ளை பெற்றார்கள். அக்காள் மகளுக்கு வாய் ஓயாது; வீட்டில் அவளுக்குப் பெயரே வாயாடி. தங்கை மகனோ இரண்டரை வயதாகியும் ‘அம்மா’ என்றுகூடச் சொல்லவில்லை. அவனுக்கு ஊமைச்சாமி என்று பெயர் வைத்ததே அக்காள்தான். எல்லோரும் சிரித்தார்கள். பெற்றவளும் வலியை விழுங்கிக்கொண்டு சிரித்துவைத்தாள்.

தங்கைக்குப் புகார் மையத்தில் வேலை. குழாயில் தண்ணீர் வரவில்லை என்று போனில் கத்துகிறவர்களுக்கு நாள் முழுக்கப் பதில் சொல்லித் தொண்டை வறண்டு வீடு திரும்புவாள். பகலெல்லாம் பிள்ளை அக்காள் வீட்டில். யாரோ எவரோ இல்லை, கூடப்பிறந்தவள் பார்த்துக்கொள்கிறாள் என்பதுதான் அவளுக்கிருந்த ஒரே நிம்மதி. அவசரத்துக்கு இருக்கட்டும் என்று தன் பழைய போனையும் அங்கே கொடுத்திருந்தாள்.

போன வாரம் மகனைக் காட்டப் போனபோது டாக்டரம்மா கேட்டார்: “காது நல்லா கேக்குது. பகல்ல இவன்கூட யாரு பேசறாங்க? ஒண்ணு சொல்லிட்டு, அவன் கண்ணப் பாத்து, பதிலுக்குக் காத்திருக்கணும். இந்த வயசுல மூளை அப்படித்தான் வளரும். போன் காட்டறீங்களா?”

“ஐயோ, எங்க அக்கா போனே குடுக்கமாட்டா டாக்டர். அவ பேச ஆரம்பிச்சா சுவருக்கே பேச்சு வந்துடும்!”

அன்று மாலையே டாக்டர் சொன்னதையெல்லாம் அக்காளிடம் ஒன்றுவிடாமல் ஒப்பித்தாள். “நான் பாத்துக்கறேன்டி. சில பிள்ளைங்க லேட்டாதான் பேசும்,” என்றாள் அக்காள்.

இன்று மையத்தில் போன் லைன் எல்லாம் படுத்துவிட்டதால் மதியமே அனுப்பிவிட்டார்கள். மகனைக் கூட்டிப்போகலாம் என்று அக்காள் வீட்டுக்கு வந்தாள். கதவு திறந்திருந்தது.

சமையலறையில் அக்காள் வாயாடியை மடியில் வைத்துக் கேரட் ஊட்டிக்கொண்டிருந்தாள். “இது என்ன கலர்?” என்று கேட்டுவிட்டு, அவள் கண்ணைப் பார்த்துக் காத்திருந்தாள். டாக்டரம்மா சொன்னபடியே, அச்சுப் பிசகாமல். தங்கைக்கு நெஞ்சு குளிர்ந்துபோனது. பிறகுதான் தன் மகனைத் தேடினாள்.

அவன் உள்ளறையில், பெல்ட் போட்ட குட்டி நாற்காலியில் இருந்தான். எதிரே தண்ணீர் ஜக்கில் சாய்த்துவைத்த அவளுடைய பழைய போன். அதில் பொம்மைகள் கத்திக்கொண்டிருந்தன.

“கண்ணு,” என்றாள். அவன் திரும்பவில்லை.

“இப்பதான்டி வெச்சேன், ஒரே அழுகை,” என்று அக்காள் ஓடிவந்தாள்.

வாயாடி சும்மா விடுவாளா? “பொய்! இவன் காலைலேர்ந்து பாக்கறான். எனக்குத்தான் போன் கூடாது சித்தி. மூளை கெட்டுடும்னு அம்மா சொன்னாங்க.”

தெரியாமல் செய்திருந்தால் தங்கை மன்னித்திருப்பாள். அவள் கொண்டுவந்து சொன்ன புத்தியை எடுத்து அக்காள் தன் பிள்ளைக்கு மட்டும் ஊட்டியிருக்கிறாளே!

“ஒத்த ஆளா நான் ரெண்டு பிள்ளைங்களோடவும் எப்படிடி மல்லுக்கட்டறது?”

“முடியலன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேக்கா. வேலைய விட்டிருப்பேன்.”



தங்கை போனைத் தொடாமல் மகனை மட்டும் தூக்கிக்கொண்டு இறங்கினாள். தெருமுனை வரைக்கும் வீறிட்டு அழுதான். அங்கே ஒரு நாய் படுத்திருந்தது. “நாய்டா கண்ணு, நாய்,” என்றாள். சொல்லிவிட்டு அவன் கண்ணைப் பார்த்துக் காத்திருந்தாள்.

அவன் கழுத்தை வளைத்து அக்காள் வீட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான்.