மேற்குப் பக்கத்து வேர்

சசிதர் கார் வாங்கியதில் கோமளாவுக்கு வருத்தம் எதுவும் இல்லை. அந்தக் காருக்குத் தன் மகன் செய்கிற சேவகம்தான் சகிக்கவில்லை. பெற்றவளுக்குத் தலைவலி மாத்திரை வாங்கிவர மறந்துபோகிறவன், விடிந்ததும் பல்லைக்கூட விளக்காமல் துடைக்கிற துணியோடு வாசலுக்கு ஓடினான்.

மதுக்கரையில் அவர்கள் வீட்டுக்கு மேற்கே வாசல். வீடு முழுவதையும் மகனுக்கு விட்டுவிட்டு, முன்பக்கத்து ஓட்டு அறை ஒன்றைத்தான் கோமளா தனக்கென்று வைத்திருந்தாள். அறையை ஒட்டி ஒரு பெரிய வாகை மரம். மரத்துக்கு மேற்கே, தெருப்பக்கம், கார் நிற்கும் இடம். வேர் புடைத்துத் தரை மேடும் பள்ளமுமாக இருக்கிறது, டயருக்கு ஆகாது என்று ஆனிக் கடைசியில் பொக்லைனைக் கொண்டுவந்து நிறுத்தினான் சசிதர்.

தோண்டிய குழியைக் கோமளா எட்டிப் பார்த்தாள். மேற்கே ஓடிய வேர்கள் தொடைப் பருமன். அறைப்பக்கம் தலைகாட்டியவை விரல் தடிமன்கூட இல்லை. பாலக்காட்டுக் கணவாய்க் காற்றுக்கு முகம் கொடுத்து வளர்ந்த மரம் அது. காற்று வருகிற பக்கமே வேரைப் பருக்கவைத்து, கயிறு கட்டி இழுத்தாற்போல் நின்றிருந்தது. மகனைவிட மரத்துக்கு விவரம் அதிகம் என்று அவளுக்குப் பட்டது.

"சசி, இதை அறுத்தா மரத்துக்குப் பிடிமானமே இல்ல. காத்தடிச்சா நேரா என்ற ரூம் மேலதான் உழும். ஆடி போகட்டும். கிளையெல்லாம் வெட்டி எறக்கிப்போட்டு அப்பறம் வேரத் தொடு."

"ஏனுங்கம்மா, காலேஜ்ல பாட்டனி படிச்சது இன்னும் மறக்கலீங்களா? நாங்க வெட்டறது இந்தப் பக்கமுங்க. உங்க பக்கத்து வேரெல்லாம் அப்படியேதான இருக்குது."

சொல்லிவிட்டுப் பொக்லைன்காரரைப் பார்த்துச் சிரித்தான் வேறு. முட்டாள்தனத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், அந்தச் சிரிப்பை எப்படிப் பொறுப்பது? மதியத்துக்குள் வேர்கள் துண்டு துண்டாகக் கிடந்தன. மறுவாரம் குழியை மூடி, அதன்மேல் பளபளவென்று கல் பதித்தாயிற்று.

ஆடி பிறந்து காற்று எழும்பியதும், கட்டிலை ஹாலுக்கு மாற்றச் சொன்னாள். "மாத்தலாமுங்க, இப்ப என்ன அவசரம்?" என்றான். அதற்குமேல் இவனிடம் கெஞ்ச அவளுக்கு மனமில்லை. அறையிலேயே படுத்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பிட்டுவிட்டு அவள் கண்ணயர்கிற நேரத்தில், மரம் அடியோடு பெயர்ந்து அறையின்மேல் விழுந்தது. கோமளா அப்போது கட்டிலில் இல்லை. மகன் அன்றைக்கும் மறந்துபோன மாத்திரையை வாங்க அவனிடம் சொல்லாமலே மருந்துக்கடைக்குப் போயிருந்தாள். திரும்பி வரும்போது தெருமுனையிலேயே சத்தம் கேட்டு ஓடிவந்தவள் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கட்டில் கிடந்த இடத்தில் அடிமரம் கிடந்தது.

சசிதர் உள்ளேயிருந்து ஓடிவந்தான். கேட்டில் நின்றவளைக் கவனிக்காமல், மரத்தைச் சுற்றிக்கொண்டு நேராகக் காரிடம் போனான். நாலு பக்கமும் பார்த்தான். கதவைத் தடவினான். பிறகு போனை எடுத்து யாரிடமோ மூச்சு வாங்கியபடி சொன்னான்: "மரம் உழுந்துபோச்சுங்க. நல்லவேளை, காருக்கு ஒன்னும் ஆகலீங்க."

அறைப்பக்கம் திரும்பி ஒரு தரமாவது "அம்மா" என்று கூப்பிடுவான் என்று கோமளா காத்திருந்தாள். அவன் துணியை எடுத்து, கண்ணாடியில் ஒட்டியிருந்த வாகை இலைகளைத் துடைக்க ஆரம்பித்தான்.

இத்தனை நாளும் இவனை வெறும் முட்டாள் என்று நினைத்திருந்தாள். சத்தமில்லாமல் கேட்டைச் சாத்திவிட்டு, வந்த வழியே நடந்தாள்.