நாளைக்கு மருந்து இல்லை

சுபத்திராவுக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். அரசாங்க மருத்துவமனையில் அவளோடு வேலை பார்த்தவர்களைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள். ஊசிக்குப் பயந்து ஓடிய போலீஸ்காரரையே அதட்டிக் கட்டிலில் படுக்க வைத்த மிஸ்ஸி அவள்; நர்ஸை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். கல்யாணம் கூடி வரவில்லை, அதற்காக அவள் உட்கார்ந்து அழவும் இல்லை. ஓய்வு பெற்றதும் ஜொகூர் பாருவுக்கு வடக்கே செடெனாக்கில் ஒரு துண்டு நிலத்தையும் சின்ன வீட்டையும் வாங்கி, கெலுலுட் என்கிற கொட்டாத சின்னத் தேனீயை மரக்கட்டைகளில் வைத்து வளர்க்கத் தொடங்கினாள்.

ஒருநாள் காலை கட்டைகளைச் சுற்றிலும் தேனீக்கள் செத்துக் கிடந்தன. அவற்றைக் கை நிறைய அள்ளிக்கொண்டு, பக்கத்துக் கொய்யாத் தோட்டத்துக்குள் விறுவிறுவென்று போனாள். அங்கே முகமூடி, கண்ணாடி, கையுறை, முட்டிவரை பூட்ஸ், முதுகில் மருந்துப் பம்பு என்று ஓர் உருவம் நின்றது. அதுதான் சாத்தப்பன். நகரத்தார் வீட்டுப் பிள்ளை, ஜொகூர் பாருவில் கணக்காய்வாளராக இருந்தவர், இப்போது தோட்டக்காரர். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டார். மகன் கார்த்திகேயன் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறான்.

"என்னா மிஸ்டர் இது?" என்று கையை நீட்டினாள்.

அவர் இரண்டடி பின்னால் போனார். "கிட்ட வராதீங்க, உடம்பெல்லாம் மருந்து. குளிச்சிட்டு வந்துடறேன்."

சண்டைக்குப் போனவளை இப்படி நிறுத்தி வைத்தால் என்ன செய்வது? அவர் சோப்புப் போட்டு, அப்புறம் மறுபடியும் சோப்புப் போட்டு, மாற்றுச் சட்டையோடு வந்தார். ஈரத்தலையும் கழுத்தில் பவுடருமாக நிற்கும் மனிதரைத் திட்ட வாய் வரவில்லை. அதற்காக விட்டுவிடவும் இல்லை.

"பூப்பூக்கிற நேரத்துல மருந்து அடிக்கலாமா?"

"லேபிள் முழுக்கப் படிச்சிட்டுத்தான் அடிச்சேன் லா. காத்து இருந்தா அடிக்க மாட்டேன். காலி டப்பாவ மூணு தடவ கழுவி ஓட்டை போட்டுத்தான் வைப்பேன்."

"தேனீயப் பத்தி ஒண்ணும் போடலையா?"

அவர் டப்பாவைக் கொண்டுவந்து, மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு தேடினார். இருந்தது. தன் உடம்புக்கு என்ன கேடு என்பதையெல்லாம் பாடம் பண்ணி வைத்திருந்த மனிதர் அந்த ஒரு வரியை மட்டும் தாண்டிப் போயிருந்தார். முகம் சுண்டிப் போயிற்று.

"தப்பு என்மேலதான் மிஸ்ஸி. மன்னிச்சிடுங்க."

சாக்குப்போக்குச் சொல்லாமல் இப்படி ஒப்புக்கொள்கிற ஆண்பிள்ளையை அவள் தன் சர்வீசில் பார்த்ததில்லை. கோபம் போக இடமில்லாமல் வீட்டுக்குத் திரும்பிவிட்டது.

அன்றைக்கே ஓர் ஏற்பாடு ஆயிற்று. பூத்த மரத்தில் மருந்து கிடையாது. மற்ற மரங்களில் அடிப்பதாக இருந்தால் முந்தின நாள் சாயங்காலமே செய்தி அனுப்ப வேண்டும். தேனீக்கள் அடைந்த பிறகு அவள் கட்டைகளின் வாசல்களை வலைத்துணியால் கட்டிவிடுவாள். முதல் செய்தி தந்தி மாதிரி வந்தது: "நாளைக் காலை மருந்து. கட்டைகளை மூடவும்." அவளும் "சரி" என்று போட்டாள். போகப்போக அது கொஞ்சம் நீண்டது. "நாளைக் காலை மருந்து. மழை வந்தால் இல்லை. சாப்பிட்டீங்களா?" அந்தக் கடைசி வார்த்தையை அவள் எத்தனை தரம் படித்தாள் என்று கேட்டால் நம்மையும் அதட்டுவாள்.

இவ்வளவு நன்றாகப் போய்க்கொண்டிருந்ததை யார் கெடுத்தார்கள் என்கிறீர்கள்? அவளேதான்.

"மருந்து மருந்துன்னு எதுக்கு ஓடறீங்க? விவசாய இலாகால கிளாஸ் வைக்கிறாங்களாம், போய்ப் பாருங்க" என்று அவரை விரட்டியது அவள்தான். போனவர் புதுப் பள்ளிப்பிள்ளை போலத் திரும்பி வந்தார். பழ ஈயைப் பிடிக்க மரத்துக்கு மரம் பொறி தொங்கவிட்டார். விழுந்த பழங்களை அன்றன்றைக்கே பொறுக்கிப் பையில் கட்டினார். காலையில் இலைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மாவுப்பூச்சி ஒரு கிளையில் இருந்தால் அந்தக் கிளையை மட்டும் வெட்டினார். பிஞ்சு ஒவ்வொன்றுக்கும் காகிதப் பை மாட்ட வேண்டும் என்றதும், பழைய தமிழ்ப் பேப்பரையெல்லாம் வெட்டிப் பை ஒட்டிக் கொடுத்ததும் சாட்சாத் சுபத்திராவேதான். வேலி ஓரத்தில் இரண்டு பேரும் உட்கார்ந்து பசை தடவினார்கள். கொய்யா மரமெல்லாம் சட்டை போட்டுக்கொண்டு நின்றது.

பைகள் தீர்ந்தன, வேலையும் முடிந்தது. மருந்துப் பம்பு கொட்டகையில் பூட்டிக் கிடந்தது. தேனீக்கள் கொழுத்துத் திரிந்தன. சாயங்காலம் போன் மட்டும் ஊமையாகக் கிடந்தது. தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டதை அவள் அப்போதுதான் உணர்ந்தாள். அந்தச் செய்திக்காகத்தான் நாள் முழுவதும் காத்திருந்தாள் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. தெரிந்தபோது வெட்கமாகவும் இருந்தது, வலிக்கவும் செய்தது. நீயே ஒரு செய்தி போடேன் என்று சொல்லலாம். மருந்து அடிப்பது அவர், இவள் என்னவென்று போடுவாள்?

இந்த நேரம் பார்த்துத் தெப்ராவிலிருந்து அக்கா செல்லப்பாக்கியம் கூப்பிட்டாள்.

"மகன் உன் ரூமுக்குப் பெயிண்ட் அடிச்சிட்டான். வீட்ட வித்துட்டு வந்துடு. எப்பக் கேட்டாலும் கட்டைய மூடணும், கட்டைய மூடணும்ப. இப்பத்தான் பக்கத்துல மருந்தே அடிக்கிறதில்லையாமே?"

"ஞாயித்துக்கிழம சொல்றேன்க்கா" என்று போனை வைத்தாள். சொல்லப்போவது 'வர்றேன்' என்பதுதான் என்று அவளுக்கே தெரிந்தது.

அன்று சாயங்காலம் தேனீக்கள் அடைந்ததும் வலைத்துணிகளை எடுத்துக்கொண்டு போய் ஒவ்வொரு வாசலாகக் கட்டினாள். எதற்கென்று அவளுக்கே விளங்கவில்லை. கட்டி முடித்ததும் மனசு கொஞ்சம் ஆறியது.

விடிந்ததும் சாத்தப்பன் கைலியோடு ஓடி வந்தார்.

"அலமாக்! எதுக்கு மூடியிருக்கீங்க? வேற யாராச்சும் மருந்து அடிக்கிறாங்களா?"

கையும் களவுமாகப் பிடிபட்டவளுக்கு எப்போதும்போல் கோபம்தான் கை கொடுத்தது.

"நீங்கதான் ஒண்ணும் சொல்லலையே!"

"மருந்து அடிச்சாத்தானே சொல்லணும்?"

"அடிக்கலேன்னு யார் சொன்னா? எனக்கு எப்படித் தெரியும்?" என்றாள். குரல் பாதியில் உடைந்துவிட்டது. போலீஸ்காரரை அதட்டிய குரல் அது. சட்டென்று திரும்பி வலைத்துணி முடிச்சை அவிழ்க்கப் போனாள். இழுத்த இழுப்பில் முடிச்சு இன்னும் இறுகியது.

சாத்தப்பன் பக்கத்தில் வந்து நின்றார். முடிச்சை அவர் அவிழ்த்தார். தேனீக்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன.

"தினமும் போன எடுப்பேன் சுபத்திரா" என்றார். மிஸ்ஸி என்று சொல்லவில்லை. "சாப்பிட்டீங்களான்னு அடிப்பேன். மருந்தும் இல்ல, மண்ணும் இல்ல, எதுக்குக் கேக்கறேன்னு நினைப்பீங்களேன்னு அழிச்சிருவேன்."

அவள் அடுத்த கட்டைக்கு நகர்ந்தாள். அவரும் கூடவே நகர்ந்தார். எல்லாக் கட்டைகளையும் இரண்டு பேருமாகத்தான் திறந்தார்கள்.

சாயங்காலம் போன் மினுக்கியது. "நாளைக்கு மருந்து இல்லை. சாப்பிட்டீங்களா?" இந்தத் தடவை "சரி" என்று போடவில்லை. "இல்லை. வாங்க" என்று போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அக்காவை அவளே கூப்பிட்டாள். "கோவிச்சுக்காதக்கா. நான் வரல."

"ஏன்டி? அந்தாளுதான் மருந்து அடிக்கிறத விட்டுட்டாரே!"

"ஆமாக்கா," என்றாள் சுபத்திரா, "அதத்தான் தினமும் வந்து சொல்றாரு."