வேகத்துக்குக் காவல்

எங்கள் ரூசே நில அளவை அலுவலகத்தில் ஒரு வரைபடம் திறப்பதற்குள் காபி ஆறிவிடும். தான்யூப் கரையின் ஒவ்வொரு கொல்லையும் அலுவலகத்தின் டிஸ்க் பெட்டிக்குள் படமாக இருந்தது. வேகத்தின் அவசியம் பற்றி இயக்குநர் ஸ்தாமாத்தோவ் கூட்டம் போட்டார். கூட்டம் காலையில் தொடங்கி மதியச் சாப்பாட்டையும் தின்றது. பெட்டி வேகமாகும்வரை ஓக்னியானுக்கு லீவு கிடையாது என்பதுதான் அதில் எடுத்த ஒரே முடிவு.

ஓக்னியான் எங்கள் கம்ப்யூட்டர் ஆள். அவன் மனைவி வியாரா ஸொஸொபோலில் கடலோரம் அறை எடுத்து, துணிமணியும் அடுக்கி வைத்திருந்தாள்.

ஒழுங்கான வழி ஒன்று இருந்தது. டிஸ்க்குகள் தகவலைத் துண்டுபோடும் அளவும், கோப்புகளை எழுதும் அளவும் பொருந்தவில்லை. எல்லாவற்றையும் வெளியே எடுத்து, பெட்டியைப் புதிதாக அமைத்து, திரும்ப ஏற்ற வேண்டும். ஆகஸ்ட் அதிலேயே போய்விடும். குறுக்கு வழியும் இருந்தது. பெட்டியின் கட்டுப்பாட்டு அட்டையில் உள்ள நினைவகத்தை முடுக்கிவிட்டால், டிஸ்க்கில் எழுதுவதற்கு முன்பே "எழுதியாச்சு" என்று சொல்லிவிடும், எங்கள் இயக்குநரின் ஆண்டறிக்கையைப் போல. மின்சாரம் போனால் அந்த வாக்கைக் காப்பாற்ற அட்டையில் பேட்டரி வேண்டும். எங்கள் அட்டையில் பேட்டரிக்கான இடம் மட்டும் இருந்தது.

ஓக்னியான் கடலை நினைத்துக்கொண்டு முடுக்கிவிட்டான்.

படங்கள் பறந்தன. ஸ்தாமாத்தோவ் ரக்கியா சாராயம் ஊற்றினார், லீவு விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டார், வேகக் கணக்கைத் தலைநகர் சோஃபியாவில் மந்திரிக்கு அனுப்பினார். மறுநாள் மதியம் ஊரின் ஏசியெல்லாம் ஓட, விளக்குகள் மங்கின. ஓக்னியான் என்னையும் துணைக்கு இழுத்துக்கொண்டு இயக்குநர் அறைக்குப் போனான்.

"தலைவரே, அது பொய் வேகம். கரண்ட் போச்சுன்னா மொத்தப் படமும் நாசமாயிடும். ஒரு பேட்டரி வாங்கிக் குடுங்க. இல்லேன்னா பழையபடி மாத்திடறேன்."

"பேட்டரியா? அது என்ன டார்ச் லைட்டா?" என்றார் ஸ்தாமாத்தோவ். "மாத்தறதாவது! மந்திரி அந்த நம்பரை டிவியில சொல்லியாச்சுடா. இப்பப் போய் பேட்டரி கேட்டா, இது இல்லாம எப்படி ஓடிச்சும்பான். யுபிஎஸ் இருக்கில்ல?"

"அது கிழடு தலைவரே. கம்ப்யூட்டரோட பேசாது. கொஞ்ச நிமிஷம் தாங்கும். அதுக்குள்ள ஒருத்தர் கையால முறையா அணைக்கணும்."

"யாருக்கு அணைக்கத் தெரியும்?"

ஓக்னியான் என்னைப் பார்த்தான். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"அப்புறம் என்னடா கவலை?" ஸ்தாமாத்தோவ் அவன் தோளை அணைத்துக்கொண்டார். "நீதான் பேட்டரி!"

வியாரா தனியாகப் போனாள். மறுவாரம், பெட்டி அறையில் காவலிருந்த ஓக்னியானுக்கு நான் பானித்சா என்ற பாலாடைக்கட்டி அடை கொண்டுபோனபோது அவள் குரல் ஃபோனில் கேட்டது.

"ஒத்தையா உக்காந்து மீன் தின்னுட்டிருக்கேன்யா. அலைச் சத்தம் கேக்குதா? அங்கேயும் ஏதோ இரையுதே?"

"பெட்டியோட விசிறி."

"உங்க தலைவர் இங்கதான் குடைக்கடியில படுத்திருக்காரு. நீ எப்ப வர்றே?"

விளக்கு ஒருமுறை கண் சிமிட்டியது. "இரு" என்று ஃபோனைக் கீழே போட்டுவிட்டு ஓக்னியான் விசைப்பலகையைப் பிடித்தான்.

விளக்கு நின்று எரிந்தது. ஃபோனில் அவள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். அவனுக்குக் கையை எடுக்க வரவில்லை.