ஏழாம் மாடிக்குக் கொண்டுவந்த சொல்

ஏழாம் மாடி வீட்டின் மூத்த மகள், பெரியவள், நாலாம் மாடிப் படியில் மூச்சு வாங்க நின்றாள். லிஃப்ட் கீழேயே கிடந்தது. மின்சாரம் செத்து இரண்டு தலைமுறை ஆகிவிட்டது. விளக்குக்கு ஒரு மந்திரம், குழாய்க்கு ஒரு மந்திரம் என்று ஊர் பழகிக்கொண்டது. இந்தக் கட்டடத்து லிஃப்டின் மந்திரம் அவள் அப்பாவின் நாக்குக்கு மட்டும்தான் கட்டுப்படும். அவர் படுக்கையில் விழுந்த நாளிலிருந்து ஏழு மாடிக்கும் முழங்கால் வலி.

அவருக்காகத்தான் போயிருந்தாள். உப்புப் பாலைவனம், பனிமலை, பெயர் தெரியாத இரண்டு ஆறு எல்லாம் தாண்டி, போகிற உயிரைப் பிடித்து நிறுத்தும் சொல்லை வாயில் வாங்கி வந்திருந்தாள். நாக்கின் அடியில் கூழாங்கல் மாதிரி சில்லென்று இருந்தது. இடையில் வேறு ஒரு வார்த்தை பேசினாலும் கரைந்துவிடும். அறுபத்துமூன்று நாளாக அவள் பேசவில்லை. நாய் கடித்தபோதுகூடக் கத்தவில்லை. போயும் போயும் இந்த வாயாடியையா அனுப்புவது என்று உறவே சிரித்திருந்தது.

ஐந்தாம் மாடித் தையல்காரர் எட்டிப் பார்த்தார்.

"வந்துட்டியாம்மா! என்ன, வாயில கொழுக்கட்டையா?" என்றவர் தலையில் அடித்துக்கொண்டார். "ஐயோ, பேசிடாத, பேசிடாத! ஓடு, இழுத்துக்கிட்டிருக்கு."

அப்பா பாதியாக இருந்தார். அம்மா எழுந்து இடம் விட்டாள். வெளியே போன மூச்சு உள்ளே திரும்பும் நேரம் பார்த்துச் சொல்லைக் காதில் விட வேண்டும். பெரியவள் குனிந்து காத்திருந்தாள்.

"யாரு?" என்றார் அப்பா.

"உங்க பெரியவதாங்க."

"அவ இல்ல. அவ வந்தா கீழ நின்னு 'ஏத்துப்பா'ன்னு ஊரக் கூட்டுவாளே." அவர் கண்ணோரம் நீர் வழிந்தது. "அவளப் பாக்காமலே போறேன்."

மூச்சு வெளியே போனது. அது திரும்பும்வரை பொறுத்தால் போதும்.

"நான்தாம்ப்பா!"

அம்மா பாய்ந்து அவள் வாயைப் பொத்தினாள். பொத்தி என்ன பயன்? நாக்கின் அடியில் ஒன்றுமில்லை. அத்தனை நாள் கட்டிவைத்த வாய்க்கு அரை நொடி பொறுக்கவில்லையே என்று அவளுக்குத் தன் மேலேயே வெறுப்பு வந்தது.

அப்பாவின் முகம் தெளிந்தது.

"வந்துட்டியா கழுதை," என்றார். "படியேறி வராத. இரு, ஏத்தறேன்."

அவர் உதடு அசைந்தது. கட்டடத்தின் அடியில் ஏதோ முனகியது. மாடிக்கு மாடி ஆட்கள் கதவைத் திறந்து பார்க்க, லிஃப்ட் மேலே வந்து ஏழாம் மாடியில் நின்று திறந்துகொண்டது. உள்ளே யாருமில்லை. அவள் திரும்பியபோது அப்பாவின் உதடு அசையவில்லை.

மத்தியானம் தூக்க வந்தார்கள். நாலு பேர் பலகையைத் தோளில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்ததும், திறந்து கிடந்த லிஃப்டைப் பார்த்துத் தயங்கினார்கள்.

"இதுலயே எறக்கிடலாமே," என்றார் தையல்காரர். அதை இறக்கும் நாக்கு பலகையில் கிடப்பது சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது.

முன்னால் நின்றவர் காலால் படியைத் தேடினார். "பாத்து, பாத்து," என்று சொல்லிக்கொண்டே அம்மா பின்னால் இறங்கினாள்.

பெரியவள் கடைசியாக வெளியே வந்தாள். லிஃப்டின் கதவைத் தள்ளிச் சாத்தினாள். அது மறுபடி மெல்லத் திறந்துகொண்டது.