தட்டுத் தூரம்

"பதினஞ்சு தப்படியா? அக்கா, அந்தத் தூரத்துக்குத் துப்பாக்கி எதுக்கு? எச்சி துப்பினாலே விழுந்துடுமே."

"உன் வாய் நாத்தத்துக்கு ஒரு மந்தையே விழும். ரோட்டப் பாத்து ஓட்டு."

எலிசேயோ சிரித்துக்கொண்டே பிக்கப் வண்டியை மண் சாலையில் திருப்பினான். பொழுது அப்போதுதான் விடிந்திருந்தது. பிப்ரவரிப் பனி புல் நுனியில் வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருந்தது. அவுரேலியா மடியில் கிடந்த வலது கையை இடது கையால் தூக்கி, ஹீட்டர் காற்று வரும் ஓட்டைக்கு நேராக வைத்தாள். குளிரில் அந்தக் கை அவள் பேச்சைக் கேட்காது. வெயிலிலும் அவ்வளவாகக் கேட்காது என்பது வேறு விஷயம்.

போன வருஷம் தன் வீட்டு வாசலில் டிரெய்லரை வண்டியோடு மாட்டும்போது ஜாக்கி நழுவி, முழு பாரமும் அந்தக் கையின் மேல் உட்கார்ந்துவிட்டது. டாக்டர்கள் எலும்பை ஒட்டவைத்தார்கள். விரல்களை மடங்கவைக்கத்தான் அவர்களால் முடியவில்லை. ஆள்காட்டி விரல் எப்போதும் யாரையோ குற்றம் சொல்வதுபோல நீட்டிக்கொண்டே இருக்கும். துப்பாக்கியின் விசையை இழுக்க வேண்டிய விரல் அது.

அரிசோனாவின் இந்தச் செம்பு மலைகளில் கைத்துப்பாக்கியோடு வேட்டைக்குப் போகிறவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. புது வருஷத்தன்று தமாலே என்ற சோளக் கொழுக்கட்டையைச் சாப்பிட்டு முடித்த கையோடு ஒரு காகிதத் தட்டை வேலிக் கம்பத்தில் ஆணியடித்து மாட்டுவார்கள். எங்கே நின்று சுட்டால் எல்லாக் குண்டும் தட்டுக்குள் விழுகிறதோ, அந்த வருஷத்துக்கு அதுதான் அவரவர் தூரம். ஒரு குண்டு வெளியே போனாலும் முன்னால் நகர்ந்து வரவேண்டும். ரைபிள்காரன் அடுத்த மலையில் உட்கார்ந்துகொண்டு சுடலாம். கைத்துப்பாக்கிக்காரனுக்குத் தட்டு சொன்னதுதான் சட்டம். அதைத் தாண்டிச் சுட்டு, மிருகம் குடலை இழுத்துக்கொண்டு புதருக்குள் ஓடினால், அவனோடு அப்புறம் யாரும் உட்கார்ந்து காபி குடிக்க மாட்டார்கள்.

கை நன்றாக இருந்தபோது அவுரேலியாவின் தூரம் நாற்பது தப்படி. குடும்பத்தில் எந்த ஆம்பளையும் அதை எட்டியதில்லை. இந்தப் புது வருஷத்தில் ரிவால்வரை இடது கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். நாற்பதில் தட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. முப்பதில் வேலிக் கம்பம்தான் அடி வாங்கியது. இருபதில் ஒரே ஒரு குண்டு ஓரத்தைக் கிழித்துக்கொண்டு போனது. பரவாயில்லை, உள்ளே என்றே வைத்துக்கொள்ளலாம் என்று எல்லோரும் சொன்னார்கள். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. பதினைந்தில்தான் எல்லாம் உள்ளே விழுந்தன.

யாரும் கிண்டல் செய்யவில்லை. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. எலிசேயோகூட வாயை மூடிக்கொண்டு பாவமாகப் பார்த்தான். அவளுக்கு எங்கிருந்துதான் அந்த வீம்பு வந்ததோ, ரிவால்வரை அவன் முகத்துக்கு நேரே தூக்கிக் காட்டி, "பதினஞ்சுக்குள்ள போய்த்தான் சுடுவேன். அடிபட்டு ஓடுச்சுன்னா இது உனக்கு. அப்புறம் நான் மலைப் பக்கம் தலைவச்சுக்கூடப் படுக்க மாட்டேன்" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டாள். சுரங்கத்தில் லாரி ஓட்டி வாங்கிய முதல் சம்பளத்தில் வாங்கிய துப்பாக்கி அது. தம்பிக்கு அதன்மேல் ரொம்ப நாளாகக் கண். ஆனால் இப்படிக் கிடைப்பதில் அவனுக்கும் இஷ்டமில்லை.

சொல்லிவிட்டாள், சரி. வேட்டை அனுமதிக்கான குலுக்கலில் அவளுக்கு, பன்றி ஜாடையுள்ள ஹாவலினாவுக்கான சீட்டும் விழுந்துவிட்டது. அதன் பிறகு எத்தனை முறை மலையேறியும் பதினைந்து தப்படிக்குள் அவளால் போக முடியவில்லை. இன்று சீசனின் கடைசி நாள்.

மேட்டில் குப்புறப் படுத்து பைனாகுலரில் பார்த்துக்கொண்டிருந்த எலிசேயோ, "இருக்கு" என்றான். "எதிர்ச் சரிவு. சப்பாத்திக்கள்ளி கும்பலா இருக்கு பாரு, அங்க. வெயில் காயுதுங்க."

அவளும் பார்த்தாள். மொத்தம் பத்துப் பன்னிரண்டு இருக்கும். சாம்பல் நிற முள்மயிர், கழுத்தில் மாலை போட்டதுபோல வெள்ளைக் கோடு. தெரியாதவர்கள் பன்றி என்பார்கள். எலிசேயோ காதில் அது விழுந்தால் சண்டைக்கே போய்விடுவான்.

"அங்கே போய் முதுகுச் சுரப்பியில மட்டும் கை வச்சுடாத தாயே" என்றான். "போன தடவை நான் தொட்டுட்டு வீட்டுக்குப் போனேன். யோலண்டா மூணு நாள் என்னை வண்டியிலதான் படுக்கவச்சா."

"சுரப்பி ஒரு சாக்கு. உன் பொண்டாட்டிக்கு வேற காரணம் இருந்திருக்கும்."

ஹாவலினாவுக்குக் கண் சரியாகத் தெரியாது. மூக்குதான் எல்லாமே. இடுப்புக்கு மேலே முதுகில் உள்ள அந்தச் சுரப்பியில் ஒன்றுக்கொன்று கன்னத்தைத் தேய்த்துத் தேய்த்து, மந்தை முழுக்க ஒரே வாசனையாக்கி வைத்திருக்கும். அந்த வாசனை இருந்தால் உறவு. இல்லாவிட்டால் ஓட்டம், அல்லது கடி.

காலடிச் சத்தம் கேட்காமலிருக்க அவுரேலியா பூட்சுக்கு மேலேயே தடித்த கம்பளிக் காலுறையை இழுத்து மாட்டினாள். சின்னப் பவுடர் குப்பியை அமுக்கினாள். வெள்ளைத் தூசி அவள் முகத்தை நோக்கியே வந்தது. காற்று எதிரிலிருந்து வீசுகிறது, நல்லது. தம்பியை மேட்டிலேயே விட்டுவிட்டுத் தனியாக இறங்கினாள்.

சீமைக்கருவேல மரங்களுக்கு ஊடே ஒவ்வொரு காலாக வைத்துப் போனாள். கல்லில் கால் வைக்கும்முன் அது ஆடுமா என்று பார்த்தாள். சரிவின் பாதியில் வாசனை வந்துவிட்டது, நனைந்த நாயையும் பழைய வியர்வையையும் கலந்த மாதிரி. அப்புறம் சத்தம். முள்ளோடு சேர்த்துக் கள்ளியைக் கடித்து மெல்லும் சத்தம், ஒரு பந்திக்கே அப்பளம் நொறுங்குவதுபோல.

கருவேலத்தின் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தபோது முதல் மிருகம் முப்பது தப்படியில் நின்றது. பெரிய கிடா. பக்கவாட்டில், மறைப்பே இல்லாமல். பழைய அவுரேலியா இந்நேரம் சுட்டிருப்பாள். மேட்டில் எலிசேயோ மனசுக்குள் 'சுடு, சுடு' என்று கத்திக்கொண்டிருப்பான் என்று அவளுக்குத் தெரியும். இன்னொரு வாய்ப்பு வருமா, கடைசி நாள், யாருக்குத் தெரியப்போகிறது. இடது கை தானாகவே உறைக்குப் போனது. வேலிக் கம்பத்துத் தட்டும் அதன் கிழிந்த ஓரமும் கண்ணுக்குள் வந்தன. கையை எடுத்துக்கொண்டாள்.

இன்னும் போனாள். மண்டியிட்டாள், அப்புறம் உட்கார்ந்தே நகர்ந்தாள். இப்போது அவற்றின் முதுகிலிருந்து எழும் ஆவி தெரிந்தது. ஒரு கிழட்டுப் பெண் மிருகம் தலையைத் தூக்கி நேராக அவளைப் பார்த்தது. கடைவாயில் கள்ளிச்சாறு பச்சையாக வழிந்தது. கண்ணிமை மயிரைக்கூட எண்ணிவிடலாம். அவுரேலியா மூச்சு விடவில்லை. பார்த்தது, பார்த்தது, ஒன்றும் தெரியாமல் மறுபடி குனிந்து மென்றது.

அவளுக்கு மெய் சிலிர்த்தது. நாற்பது தப்படியில் இத்தனை வருஷம் சுட்டாளே, இதில் எதை அவள் பார்த்தாள்? ஒன்று மற்றொன்றின் காதை நக்கிக்கொண்டிருந்தது. இரண்டு எதிரும் புதிருமாக நின்று, கன்னத்தால் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தன, மாறி மாறி, கண்ணை மூடிக்கொண்டு. இத்தனை நாளும் வாசலிலேயே நின்று சுட்டுவிட்டுப் போயிருக்கிறாள். இன்றுதான் வீட்டுக்குள் வந்திருக்கிறாள்.

ஆனால் வந்த வேலை இருக்கிறது. அந்தக் கிழட்டு மிருகம் பதினைந்துக்குள் நின்றது. பால்குடிக்கும் குட்டி எதுவும் அதன் பின்னால் இல்லை. கள்ளி நொறுங்கும் சத்தத்தோடு சத்தமாகத் துப்பாக்கியின் குதிரையைப் பின்னுக்கு இழுத்தாள். இடது மணிக்கட்டை வலது கை தாங்கிக்கொண்டது. அந்தக் கை அதற்காவது உதவியது. சுட்டாள்.

கிழவி நின்ற இடத்திலேயே சாய்ந்தது. காலைக்கூட உதைக்கவில்லை. மற்றவை உறுமலோடு திசைக்கு ஒன்றாகச் சிதறின. ஒன்று அவள் முழங்காலை உரசிக்கொண்டு ஓடியது. புழுதி அடங்கியபோது அவள் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள். அடிபட்ட கிழவி ஓடவில்லை. ஒரு அடிகூட ஓடவில்லை. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. அழுகையா சந்தோஷமா என்று அவளுக்கே பிரிக்கத் தெரியவில்லை.

எலிசேயோ சறுக்கிக்கொண்டே இறங்கி வந்தான். "அக்கா! போச்சு, என் துப்பாக்கி போச்சு!" என்று சிரித்தவன், அவள் கையைத் தூக்கி அமர்த்தவும் பக்கத்தில் குந்தினான்.

மந்தை திரும்பி வந்துகொண்டிருந்தது.

முதலில் ஒன்று. அப்புறம் இரண்டு. புதர்களிலிருந்து மூக்கை நீட்டியபடி ஒவ்வொன்றாக வந்து விழுந்து கிடந்ததைச் சுற்றி நின்றன. ஒன்று மூக்கை அதன் வயிற்றுக்கடியில் கொடுத்துத் தூக்கப் பார்த்தது. தூக்கியது சரிந்தது. மறுபடியும் தூக்கியது. பெரிய கிடா எதிர்ப்பக்கம் போய்த் தோள் கொடுத்தது. எழுந்திருக்காது என்று தெரிந்த பிறகு அவை செய்ததைத்தான் அவுரேலியாவால் தாங்க முடியவில்லை. வரிசையாக வந்து, ஒவ்வொன்றும் தன் கன்னத்தை அதன் முதுகுச் சுரப்பியில் தேய்த்துக்கொண்டது. பதிலுக்குத் தேய்க்க அதனால் முடியாது. ஆனாலும் ஒன்றுகூடத் தேய்க்காமல் போகவில்லை.

எலிசேயோ கிசுகிசுத்தான். "மேல ஒரு வெடி வச்சா ஓடிடும்." அவன் கை இடுப்புக்குப் போயிருந்தது.

"கைய எடு."

"வெயில் ஏறுது அக்கா. கறி கெட்டுடும்."

"பிப்ரவரி வெயில்ல ஒண்ணும் கெடாது."

"எவ்வளவு நேரம்தான் இப்படியே உக்காந்திருக்கிறது?"

"சாவு வீட்டுல போய் நேரம் கேப்பியாடா நீ?"

அவன் தலையிலிருந்த தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டான். ஏன் கழற்றினாய் என்று கேட்டிருந்தால் வியர்த்தது என்று சொல்லியிருப்பான்.

சூரியன் பனியை எல்லாம் குடித்து முடித்த பிறகுதான் மந்தை கலைந்தது. ஓர் இளம் பெண் மிருகம் மட்டும் கிழவியோடு முதுகை ஒட்டிப் படுத்திருந்தது. கடைசியில் அதுவும் எழுந்து போனது.

வேட்டைச் சீட்டைப் பின்னங்காலில் கட்டிவிட்டு, எலிசேயோ தண்ணீரும், கறியை முதுகில் சுமக்கும் சட்டமும் எடுத்துவர வண்டிக்குப் போனான். உயிரை எடுத்துவிட்டு உடம்பைக் காட்டில் விட்டுவருவது அவுரேலியாவுக்கு ஆகாது. ரிவால்வரைக் கல்மேல் வைத்துவிட்டு மண்டியிட்டாள். கத்தி இடது கையில். தோலை இழுத்துப் பிடிக்க வலது கையை ஊன்றினாள். மடங்காத அந்தக் கை வழுக்கிக்கொண்டு போய்ச் சரியாகச் சுரப்பியின் மேலேயே அழுந்தியது. பிசுபிசுவென்று விரல் முழுக்க எண்ணெய். முழங்கை வரை நாற்றம். தன்னைத் தானே ஒரு கெட்ட வார்த்தை சொல்லித் திட்டிக்கொண்டாள்.

பின்னால் ஒரு கல் உருண்டது.

அந்த இளம் மிருகம் திரும்பி வந்திருந்தது. நான்கைந்து தப்படியில் நின்று பல்லைக் கடகடவென்று அடித்தது. கத்தி மாதிரியான பற்கள், நாயின் தொடையைப் பிளந்துவிடக் கூடியவை. ரிவால்வர் கல்மேல் இருந்தது, எட்டாத தூரத்தில். அவுரேலியா அசையவில்லை. அசைய முடியவில்லை என்பதுதான் நிஜம்.

மூக்கு மேலும் கீழும் ஆடியது. பற்களின் சத்தம் நின்றது. ஒரு தப்படி வந்தது. இன்னொன்று. அவள் நீட்டி வைத்திருந்த வலது கையை முகர்ந்தது. விரல் நுனியில், உள்ளங்கையில், மணிக்கட்டில் ஈர மூக்கு ஊர்ந்தது. அப்புறம் கன்னத்தைச் சாய்த்து அந்தக் கையில் தேய்த்தது, மேலிருந்து கீழாக, மெதுவாக, கண்ணை மூடிக்கொண்டு.

விரல்களுக்கு ஒன்றும் தெரியவில்லை, அவை செத்தவை. ஆனால் மணிக்கட்டில் முள்மயிர் குத்தியது, அதன் கீழே சூடு இருந்தது, துடிப்பு இருந்தது. கொன்றவள் நான், என்று அவளுக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. அது அவளிடம் கணக்குக் கேட்கவில்லை. வாசனை இருக்கிறது, உறவு. தேய்த்து முடித்துவிட்டு, அவள் பதிலுக்குத் தேய்க்கக் காத்திருப்பதுபோலக் கொஞ்சம் நின்றது. அவள் அந்தக் கையால் அதன் முதுகை ஒருமுறை வருடினாள். அது ஒரு சின்ன உறுமல் உறுமிவிட்டுப் புதருக்குள் போய்விட்டது.

சரிவில் எலிசேயோ தண்ணீர் கேனோடு சிலைபோல நின்றுகொண்டிருந்தான். எவ்வளவு நேரமாக நிற்கிறான் என்று அவள் கேட்கவில்லை. இறங்கி வந்து, "கை கழுவு" என்று கேனை நீட்டினான்.

"வேணாம்" என்றாள்.

திரும்பும் வழியில் வண்டியின் கண்ணாடிகளை எல்லாம் இறக்கிவிட்டிருந்தான். குளிர்காற்று முகத்தில் அறைந்தது.

"அந்தக் கையையாவது வெளிய நீட்டேன். யோலண்டா என்னை மறுபடியும் வண்டியில படுக்கவைக்கப் போறா."

"படு. உனக்கு நல்லது."

ரிவால்வர் அவள் இடுப்பில் இருந்தது. அதை அவன் கேட்கவில்லை, இனிக் கேட்கவும் போவதில்லை. மண் சாலை முடிந்து தார்ச் சாலையில் ஏறிய பிறகுதான் மறுபடி பேசினான்.

"அடுத்த வருஷம் குலுக்கலுக்குப் பேர் குடுப்பியா?"

"குடுப்பேன்."

"தூரம்? அதே பதினஞ்சா?"

மடியிலிருந்த வலது கையை அவள் முன்னால் நீட்டினாள். மடங்காத விரல் முன்கண்ணாடியைத் தொட்டு நின்றது.

"இவ்வளவு."

எலிசேயோ அந்தக் கையைப் பார்த்தான், சாலையைப் பார்த்தான். காலையில் கேட்ட அதே கேள்விதான் வந்தது. இந்த முறை அவன் சிரிக்கவில்லை.

"அக்கா, அந்தத் தூரத்துக்குத் துப்பாக்கி எதுக்கு?"

"அதத்தான் நானும் யோசிச்சுக்கிட்டு வர்றேன்" என்றாள்.