மடித்து மாட்டிய கல்யாணப் படம்

படப்பிடிப்புக் குழு மணி அடித்தபோது மார்லீன் நல்ல சட்டையை மாட்டிக்கொண்டு காத்திருந்தாள். வீட்டை ஒரு நாள் படப்பிடிப்புக்கு விடத் தரகர் பேசி முடித்த வாடகை. எந்த மாதிரிப் படம் என்று அவளுக்குத் தெரியும்: நீலப்படம். அமெரிக்காவில் அந்தப் படங்களுக்கே பேர்போன சாட்ஸ்வொர்த்தில் அது தெரியாதவர் யார்? தெரியாத மாதிரி இருப்பதுதான் அந்த ஊர் மரியாதை. கணவன் கர்ட்டுக்கு வேலை போய், வங்கி வீட்டின் மேல் கை வைத்த பிறகு அந்த மரியாதையை வைத்துக்கொண்டு நாக்கா வழிப்பது?

கதவைத் திறந்தாள். டெப்ரா நின்றாள், மார்லீனின் தம்பி ரோரியின் மனைவி. ஒரு காலத்தில் அந்தப் படங்களில் நடித்தவள், இப்போது படப்பிடிப்பைக் கவனிப்பவள். பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்று மார்லீன் அவளை இந்த வாசற்படி தாண்ட விட்டதே இல்லை. நன்றித் திருநாள் விருந்துக்கு ரோரி மட்டும் வருவான். மிஞ்சிய வான்கோழியை அவளுக்குப் பொட்டலம் கட்டிக்கொண்டு போவான்.

முகவரியைப் பார்த்தபோதே டெப்ராவுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"உள்ள வரலாமா, மேடம்?"

அண்ணி என்று கூப்பிட வேண்டியவள். மார்லீனுக்கு உடம்பு கூசியது. "வாங்க" என்றாள்.

"முன்னெல்லாம் மலை மேல, நீச்சல்குளத்தோட பங்களாதான் எடுப்போம்," என்றான் பின்னால் வந்த விளக்குக்காரன். "இப்ப எல்லாவனும் இன்டர்நெட்ல ஓசியில பாக்குறான். காசு குடுத்தவனுக்கும் வேலை போச்சு. நம்ம பொண்ணுங்கள்ல பாதி கடையில சாமான் அடுக்குதுங்க."

"வாய மூடிட்டு ஒயரப் புடிடா," என்றாள் டெப்ரா.

வீட்டுக்காரர்களின் குடும்பப் படம் எதுவும் சுவரில் இருக்கக் கூடாது. பிள்ளைகள் முகம் தப்பித் தவறிக்கூடப் பதிந்துவிடக் கூடாது. டெப்ரா முதலில் சுவரைப் போட்டோ எடுத்துக்கொண்டாள். முடிந்ததும் இருந்தது இருந்தபடி மாட்டித் தருவது அவர்கள் வழக்கம். பிறகு ஒவ்வொன்றாகக் கழற்றித் துண்டில் சுற்றினாள். பிள்ளைகள் படத்துக்கு இரண்டு துண்டு.

அப்போதுதான் மார்லீனுக்கு நினைவு வந்தது. "அத நான் எடுக்குறேன்" என்று ஓடினாள். அதற்குள் படம் டெப்ரா கையில் இருந்தது. ரோரியின் கல்யாணப் படம். ரோரி மட்டும் சிரிக்கிறான். அவன் தோளில் நாலு விரல், சிவப்பு நகம். மிச்சத்தைப் பின்பக்கம் மடித்துச் சட்டம் போட்டவள் மார்லீன்.

"யாரு கை அது?" என்று விளக்குக்காரன் எட்டிப் பார்த்தான்.

"யாரோ" என்று டெப்ரா துண்டில் சுற்றினாள்.

மார்லீன் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் அவனுக்கு உறவு தெரிந்துவிடும். அந்த நேரத்திலும் அவளுக்கு அந்தக் கவலைதான்.

படப்பிடிப்பு முடியும்வரை வெளியே இருந்துவிட்டுச் சாயங்காலம் பிள்ளைகளோடு திரும்பியபோது வீடு முன்பைவிடச் சுத்தமாக இருந்தது. கல்யாணப் படம் பழைய ஆணியில், பழைய மடிப்போடு. மார்லீன் வாசலுக்கு ஓடினாள்.

"பிரிச்சிருக்கலாமே, டெப்ரா."

"இருந்தபடி குடுக்கணும், மேடம்."

"மேடம்னு கூப்புடாத."

டெப்ரா வண்டியில் இருந்த விளக்குக்காரனைக் காட்டிக் குரலைத் தாழ்த்தினாள். "அவன் ஓட்டவாயி. ஊரெல்லாம் சொல்லிருவான். பிள்ளைங்க பள்ளிக்கூடம் போகுதுங்கல்ல?"

வண்டி போனது. மார்லீன் படத்தைக் கழற்றி விரித்தாள். மடிப்புக் கோடு டெப்ராவின் மணிக்கட்டில் வெள்ளையாக ஓடியது. தேய்த்தும் போகவில்லை. விரித்த படம் அந்தச் சட்டத்தில் அடங்கவும் இல்லை.

சின்னவள் எட்டிப் பார்த்தாள். "யாரும்மா இது?"

"ரோரி மாமா பொண்டாட்டி."

"நம்ம வீட்டுக்கு வந்ததே இல்லையே?"

மார்லீனால் மகள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"இன்னைக்கு வந்தா," என்றாள். "வேலைக்கு."